முன்பணம் கட்டிய அறையும் மாறிய வரியும்: விடுதி முன்பதிவில் ஜி.எஸ்.டி. குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7500 ரூபாய் வரை வாடகை உள்ள விடுதி அறைகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் 1 அன்றும், விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் மறுநாளும் வந்ததால், கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் செல்ல நினைத்த மதுரைக் குடும்பங்கள் பல முன்கூட்டியே அறைக்குப் பணம் கட்டியிருந்தன. மேல மாசி வீதி, டவுன் ஹால் ரோடு வட்டாரத்து லாட்ஜுகளிலும் நவராத்திரிக்கு மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருவோரின் முன்பணம் வரவாகியிருந்தது. பழைய வரியைக் கட்டியாயிற்று, இப்போது வரி குறைந்துவிட்டது, இடையில் உள்ள பணம் யாருக்கு என்ற கேள்வி அப்போது எழுந்தது; விகிதம் மாறும் ஒவ்வொரு முறையும் எழும். விடுதிகளுக்குக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், விருந்தினர்களும் விடுதிக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

அறை வாடகைக்கான ஜி.எஸ்.டி. இதுவரை எப்போதெல்லாம் மாறியிருக்கிறது?

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது 1000 ரூபாய்க்குக் குறைவான அறைகளுக்கு வரி இல்லை. 2500 ரூபாய்க்குக் குறைவானவற்றுக்கு 12 சதவீதம், 7500க்குக் குறைவானவற்றுக்கு 18, அதற்கு மேல் 28 என்று நான்கு படிகள் இருந்தன. அப்போது விடுதி அறிவித்த பட்டியல் வாடகையை வைத்தே எந்தப் படி என்று தீர்மானித்தார்கள். தள்ளுபடி போக உண்மையில் வாங்கும் தொகையே அளவுகோல் என்ற மாற்றம் 2018 ஜூலை 27இல் வந்தது. 2019 அக்டோபர் 1 முதல் 7500 வரை 12 சதவீதம், அதற்கு மேல் 18 என்று படிகள் சுருங்கின. 2022 ஜூலை 18இல் 1000 ரூபாய் வரையான அறைகளுக்கு இருந்த விலக்கு நீங்கி, அவையும் 12 சதவீதத்துக்குள் வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் 7500 வரை 5 சதவீதம். 7500க்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதமே தொடர்கிறது. இவற்றுள் நம் ஊர் லாட்ஜுகளை மிகவும் தொட்டவை கடைசி இரண்டும்தான், ஏனென்றால் கோயிலைச் சுற்றியுள்ள அறைகளில் பெரும்பாலானவை அந்த வாடகை வரம்புக்குள் வருபவை.

ஆகஸ்டில் முழுப் பணமும் கட்டிவிட்டேன், அக்டோபரில்தான் தங்குகிறேன். எனக்கு எந்த விகிதம்?

பணம் கட்டிய தேதியே வரியைத் தீர்மானிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. அது மூன்று நிகழ்வுகளைப் பார்க்கிறது: சேவை எப்போது வழங்கப்பட்டது, இன்வாய்ஸ் எப்போது எழுதப்பட்டது, பணம் எப்போது வந்தது. இந்த மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதமே பொருந்தும். சட்டத்தில் இது ஆறு உட்பிரிவுகளாக இருந்தாலும், ஆறையும் போட்டுப் பார்த்தால் விடை இவ்வாறே வரும்.

தாங்கள் தங்குவது அக்டோபரில். ஆகவே சேவை, மாற்றத்துக்குப் பின். பணம் கட்டியது ஆகஸ்டில். அது மாற்றத்துக்கு முன். எஞ்சியிருப்பது இன்வாய்ஸ் தேதி மட்டுமே, முடிவு அதன் கையில்தான் இருக்கிறது. விடுதி ஆகஸ்டிலேயே முறையான இன்வாய்ஸ் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு நிகழ்வுகள் முன்னே விழுந்து 12 சதவீதம் நிலைத்துவிடும். அறையைக் காலி செய்யும் நாளில்தான் இன்வாய்ஸ் என்றால் இரண்டு நிகழ்வுகள் பின்னே விழுந்து 5 சதவீதமே சரியான வரியாகும். நம் பகுதி விடுதிகளில் வழக்கமாக அறையைக் காலி செய்யும்போதுதான் பில் போடுகிறார்கள். அப்படியானால் முன்பதிவில் முழுப் பணம் கட்டியவருக்கும் புதிய விகிதமே உரியது, ஏற்கெனவே வாங்கிய கூடுதல் வரி அவருக்குத் திரும்ப வேண்டும்.

பணம் கட்டியவுடன் மின்னஞ்சலில் ஒரு ரசீது வந்தது. அது இன்வாய்ஸ் இல்லையா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. விடுதியும் விருந்தினரும் முரண்படும் இடங்களில் பெரும்பாலும் இருவர் கையிலும் ஒரே காகிதம் இருக்கும். அதற்கு இருவரும் வெவ்வேறு பெயர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முன்பணம் வாங்கும்போது விடுதி தர வேண்டியது ரெசிப்ட் வவுச்சர் என்ற முன்பண ரசீது. 31ஆம் பிரிவு அதைத் தனியாகவே சொல்கிறது. அதில் முன்பணத் தொகை, வரி விகிதம், வரித் தொகை எல்லாம் இருக்கும். பார்வைக்கு இன்வாய்ஸ் போலவே இருப்பதால் குழப்பம் வருகிறது. ஆனால் 14ஆம் பிரிவின் கணக்கில் அது பணம் வந்ததற்கான சான்று மட்டுமே. முன்பதிவு உறுதி செய்யப்பட்டது என்று வரும் தாள் அதுவும்கூட அல்ல. அதற்கு வரிச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை.

இன்வாய்ஸ் என்றால் மேலே அந்தப் பெயர் இருக்க வேண்டும், தொடர்ச்சியான வரிசை எண் இருக்க வேண்டும், விடுதியின் ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு பெற்ற விடுதி என்றால் அந்த எண் 33 என்று தொடங்கும். சேவைக் குறியீட்டில் தங்கும் விடுதிகளுக்கான 9963 என்ற தலைப்பைக் காணலாம். "புரோஃபார்மா இன்வாய்ஸ்" என்று அனுப்பப்படுவதும் இன்வாய்ஸ் ஆகாது. அது விலைக் குறிப்பு. எனவே விடுதியோடு பேசுவதற்கு முன், தங்களிடம் உள்ள தாளின் தலைப்பையும் எண்ணையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவைக்கு முன்னரே இன்வாய்ஸ் எழுதுவது தவறல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சேவைக்கு முன்போ, சேவை முடிந்து 30 நாட்களுக்குள்ளோ எழுதலாம் என்றே விதி இருக்கிறது. ஆனால் வரி குறைந்த பிறகு, பழைய தேதியிட்டு இன்வாய்ஸ் எழுதி 12 சதவீதத்தை நியாயப்படுத்துவது வேறு விஷயம். வரிசை எண் தேதியோடு பொருந்தாமல் காட்டிக் கொடுத்துவிடும். எந்த விடுதிக்காரருக்கும் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

எனக்கு எவ்வளவு திரும்ப வர வேண்டும்?

வாடகை தனி, வரி தனி என்று முன்பதிவு செய்திருந்தால் கணக்கு எளிது. 4000 ரூபாய் அறைக்கு 12 சதவீதத்தில் 480 ரூபாய் வரி சேர்த்து 4480 கட்டியிருப்பீர்கள். 5 சதவீதத்தில் வரி 200 ரூபாய்தான். ஓர் இரவுக்கு 280 ரூபாய் திரும்ப வர வேண்டும். மூன்று இரவுக்கு 840.

"எல்லா வரியும் உட்பட 4480" என்று ஒரே தொகையாகப் பேசியிருந்தால் நிலைமை மாறுகிறது. வரி உட்பட்ட தொகையிலிருந்து வரியைப் பிரிக்கும் முறை 35ஆம் விதியில் உள்ளது: தொகையை விகிதத்தால் பெருக்கி, நூறோடு விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 12 சதவீதத்தில் 4480க்குள் வாடகை 4000, வரி 480. அதே 4480ஐ 5 சதவீதத்தில் பிரித்தால் வாடகை 4266 ரூபாய் 67 காசு, வரி 213 ரூபாய் 33 காசு. அதாவது அரசுக்குப் போக வேண்டியது குறைந்து, விடுதியின் வாடகை வருமானம் 266 ரூபாய் 67 காசு கூடுகிறது. விடுதி இதை வைத்துக்கொள்ளலாமா என்பது ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் வரி குறைந்தால் அந்தப் பலனை விலைக் குறைப்பாகக் கொடுக்க வேண்டும் என்று 171ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு சொல்கிறது; அது இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே ஒரே தொகையாகப் பேசியவரும் விடுதியிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வரியைத் தனியாகக் காட்டி வாங்கியவரிடம் கேட்கும்போது உள்ள அளவு உறுதி மட்டும் இதில் இருக்காது.

ஒன்று மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை எந்த விடுதியும் தன் வருமானமாக வைத்துக்கொள்ள முடியாது. 76ஆம் பிரிவின்படி, வரியாக வசூலித்தது எதுவாயினும் அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். 12 வசூலித்து 5 மட்டும் கட்டுவதற்கு வழி இல்லை.

வரி குறைந்தாலும் எங்கள் செலவு கூடிவிட்டது என்று விடுதி சொல்கிறது. அது உண்மையா?

ஓரளவு உண்மை. 12 சதவீதம் இருந்தபோது, சலவை, காவல், பராமரிப்பு, கட்டட வாடகை முதலியவற்றுக்கு விடுதி கட்டிய ஜி.எஸ்.டி.யை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொண்டது. உள்ளீட்டு வரி வரவு என்பது இதுதான். 5 சதவீதத்தில் அந்தச் சலுகை கிடையாது. 18 சதவீதமே வசூலித்து வரவை எடுத்துக்கொள்கிறேன் என்று விடுதி தேர்ந்துகொள்ளவும் முடியாது. சொந்தக் கட்டடத்தில் குடும்பமாக நடத்தும் லாட்ஜுக்கு இந்த இழப்பு சிறியது. கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, எல்லா வேலையையும் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்து நடத்தும் விடுதிக்கு இழப்பு பெரியது. 7500க்குக் கீழும் மேலும் அறைகள் வைத்திருப்பவர்கள் பொதுச் செலவுகளின் வரவை விகிதாசாரப்படி பிரிக்க வேண்டிய வேலையும் சேர்ந்துவிட்டது.

இது, இனி வரும் முன்பதிவுகளுக்கு விடுதி வாடகையை மாற்றிக்கொள்வதற்கான காரணம். ஏற்கெனவே 4000 என்று உறுதி செய்து பணம் வாங்கிய அறையை 4267 ஆக்கிவிட்டு, மொத்தம் சமமாகத்தான் இருக்கிறது என்று சொல்வதற்கான காரணம் அல்ல. பேசிய வாடகை பேசியதுதான். மாறியது வரி மட்டுமே.

வரி கூடினால், முழுப் பணம் கட்டியவரிடமும் கூடுதலாகக் கேட்கலாமா?

கேட்கலாம், மூன்றில் இரண்டு நிகழ்வுகள் மாற்றத்துக்குப் பின் விழுந்தால். 2022 ஜூலையில் இது எளியவர்களையே தொட்டது. ஜூலை முதல் வாரத்தில் 800 ரூபாய் அறைக்கு முழுத் தொகையும் கட்டி, 20ஆம் தேதி வந்து தங்கி, போகும்போது பில் வாங்குபவர் 12 சதவீதமாக 96 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய நிலை சட்டப்படி உருவாகியது. எல்லாம் கட்டியாயிற்று என்ற நிம்மதியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு அது எரிச்சலாகவே இருந்திருக்கும். ஆனால் கவுன்டரில் இருப்பவர் அதைத் தன் பைக்குக் கேட்கவில்லை.

"வரி எவ்வளவு மாறினாலும் இந்தத் தொகையே" என்று விடுதி எழுத்தில் உறுதி கொடுத்திருந்தால் கூடுதலை விடுதியே ஏற்க வேண்டும். வரி மாற்றத்தை வாங்குபவர் விலையில் சேர்க்கவும் கழிக்கவும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு உள்ளது. ஆனால் பெயரே சொல்வதுபோல் அது சரக்குக்கானது. அறை வாடகை என்ற சேவைக்கு, பேசிய சொற்களே அடிப்படை. ஆகையால் முன்பதிவு நிபந்தனைகளில் "தங்கும் நாளில் நடைமுறையில் உள்ள வரி பொருந்தும்" என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலையல்ல.

வரி கூடப் போவது முன்பே தெரிந்தால், மாற்றத்துக்கு முன் பணத்தையும் கட்டி இன்வாய்ஸையும் வாங்கிவிட்டால் பழைய விகிதத்தை முறையாகவே பெறலாம். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. பணம் வந்த தேதி என்பது விடுதியின் கணக்கில் பதிந்த நாள் அல்லது வங்கியில் வரவான நாள், எது முந்தியதோ அது. ஆனால் விகிதம் மாறிய நாளிலிருந்து நான்கு வேலை நாட்களுக்குப் பிறகு வங்கியில் வரவானால், வங்கித் தேதியையே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் காசோலை கொடுப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மாற்றம் வந்த நாள் நான் தங்கியிருந்த நாட்களுக்கு நடுவில் விழுந்தால்?

செப்டம்பர் 20 மாலை வந்து 23 காலை காலி செய்தவரை எடுத்துக்கொள்வோம். வாடகையும் வரிப் படியும் நாள் கணக்கில் அளக்கப்படுவதால், இரவு வாரியாகப் பிரிப்பதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். 22ஆம் தேதி இரவுக்கு, சேவையும் பில்லும் பின்னே விழுவதால் 5 சதவீதம். 20, 21 ஆகிய இரவுகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தால், சேவையும் பணமும் முன்னே விழுந்து 12 சதவீதம் நிற்கும்.

அதே இரவுகளுக்கு முன்பணம் எதுவும் கட்டாமல், 23 காலையில் பில்லை வாங்கிப் பணம் கொடுத்தவருக்கோ மூன்று இரவுக்கும் 5 சதவீதமே வரும். தங்கியது மாற்றத்துக்கு முன்பே ஆனாலும், இன்வாய்ஸ், பணம் இரண்டும் பின்னே விழுந்துவிட்டன. முன்கூட்டிக் கட்டியவர் கூடுதலாகவும் பின்னால் கட்டியவர் குறைவாகவும் கொடுப்பது அநியாயமாகத் தோன்றலாம். எனக்கும் அது நெருடலாகவே இருக்கிறது. ஆயினும் பிரிவின் சொற்கள் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாகப் பணம் கட்டினேன். யாரிடம் கேட்பது?

முதலில், அறைக்கான இன்வாய்ஸ் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். பதிவு பெற்ற விடுதி என்றால் அறை வாடகைக்கான வரி விடுதியின் பொறுப்பு. தளம் பணத்தை வாங்கிக் கைமாற்றுகிறது. பதிவு பெறாத சிறு விடுதி தளத்தின் வழியாக அறை கொடுத்தால், 9ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவின்படி தளமே அந்த வரியைக் கட்ட வேண்டும். அப்போது கேள்வியும் தளத்துக்கே போக வேண்டும்.

தளத்தில் கட்டும் பணம் பல நேரங்களில் விருந்தினர் தங்கி முடித்த பிறகே விடுதிக்குப் போய்ச் சேர்கிறது. தளம் வாங்கிய நாள்தான் விடுதிக்குப் பணம் வந்த நாளா என்று வாதம் வரலாம். ஆனால் மாற்றத்துக்குப் பின் தங்கி, பின்னரே பில் வாங்கியவருக்கு அந்த வாதம் தேவைப்படாது. இரண்டு நிகழ்வுகள் ஏற்கெனவே பின்னே இருக்கின்றன. அடுத்து, தளம் வசூலிக்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் அறை வாடகை அல்ல. அது தனிச் சேவை, அதற்கு 18 சதவீதம். அந்தப் பகுதியில் எந்தக் குறைப்பும் வரவில்லை.

ரத்து செய்தால், அல்லது போகவே முடியாமல் போனால்?

விடுதி பிடித்துக்கொள்ளும் ரத்துக் கட்டணத்துக்கும் வரி உண்டு. 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியான 178ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது: எந்தச் சேவைக்காகப் பணம் கட்டப்பட்டதோ அந்தச் சேவைக்கான விகிதமே ரத்துக் கட்டணத்துக்கும், வராமல் போனதால் பறிமுதலான தொகைக்கும் பொருந்தும். 5 சதவீத அறையின் ரத்துக் கட்டணத்துக்கு 18 சதவீதம் போட்டால் கேள்வி கேட்கலாம்.

திருப்பித் தரும் தொகைக்கான வரியும் கூடவே வர வேண்டும். முன்பண ரசீது மட்டும் கொடுத்திருந்தால் விடுதி ரீஃபண்ட் வவுச்சர் எழுத வேண்டும். இன்வாய்ஸ் கொடுத்திருந்தால், அதில் காட்டிய தொகையைக் குறைக்கும் தாளான கிரெடிட் நோட் எழுத வேண்டும். தேதியை மட்டும் மாற்றினால், தங்கும் நாள் மாறுவதால் மூன்று நிகழ்வுகளையும் புதிதாகப் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் போட்ட முன்பதிவை, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்கப் பொங்கலுக்கு மாற்றியவர் இதையே செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் இருந்து வருபவர்கள் தங்கும் சிறு லாட்ஜில் வரியே போடுவதில்லை. அது சரியா?

சரியாக இருக்கலாம். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் தமிழ்நாட்டில் பொதுவாகப் பதிவே தேவையில்லை. 50 லட்சம் வரை உள்ள சேவையாளர்கள் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து, தங்கள் கையிலிருந்து 6 சதவீதம் கட்டலாம். ஆனால் விருந்தினரிடம் வரி என்று ஒரு ரூபாய்கூடத் தனியாக வாங்கக் கூடாது, அதை பில்லிலேயே எழுத வேண்டும். இவ்விரு வகை லாட்ஜுகளிலும் விகித மாற்றம் பில்லைத் தொடாது. பொதுமக்களுக்கான வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில், பதிவு பெற்ற அறநிறுவனம் நடத்தும் அறைகளில் நாள் வாடகை 1000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு.

கல்யாணத்துக்கு மண்டபமும் உறவினர்களுக்கு அறைகளும் எடுத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் 5 சதவீதமா?

இல்லை. மண்டப வாடகைக்கு 18 சதவீதம். 2025 மாற்றம் அதைத் தொடவில்லை. தனி விடுதியில் உறவினர்களுக்கு எடுத்த அறைகளுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தும், ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக. 20 அறைகளின் மொத்த வாடகை எத்தனை ஆயிரமானாலும் 7500 என்ற வரம்பு ஓர் அறைக்கு, ஒரு நாளுக்கு. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மொத்தத் தொகையைப் பார்த்து 18 சதவீதம் போடும் பில்லைப் பெண் வீட்டார் மறுபேச்சின்றிக் கட்டிவிடக் கூடாது. சித்திரைத் திருவிழா நாட்களில் வாடகை ஏறும்போது சில அறைகள் உண்மையாகவே 7500ஐத் தாண்டலாம்; அன்றைக்கு அந்த அறைக்கு 18 சதவீதம் சரியானதே.

சுற்றுலாப் பேக்கேஜ்?

தங்கும் செலவும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கும் சுற்றுலா நிறுவனம் மொத்தத்துக்கும் உள்ளீட்டு வரவின்றி 5 சதவீதம் போட்டால், அந்த விகிதம் 2025 செப்டம்பரில் மாறவில்லை. குறைந்தது நிறுவனத்தின் வாங்கு விலை. அதில் பங்கு கேட்பது பேச்சுவார்த்தையைச் சேர்ந்தது.

அலுவலக வேலையாக மதுரையில் தங்குகிறேன். நிறுவனம் வரியைத் திரும்ப எடுக்க முடியுமா?

உள்ளீட்டு வரவு இல்லாதது விடுதிக்குத்தான். விடுதி போடும் 5 சதவீதத்தை, வணிகத்துக்காகத் தங்கிய நிறுவனம் வழக்கமான நிபந்தனைகளின்படி வரவாக எடுக்கலாம். தடை வேறிடத்தில் இருக்கிறது. விடுதி அறைக்கு, கட்டடம் இருக்கும் மாநிலமே சேவை நடந்த இடம். மதுரை விடுதி எப்போதும் மத்திய வரியும் தமிழ்நாட்டு மாநில வரியுமே போடும். தமிழ்நாட்டில் பதிவு இல்லாத பெங்களூரு நிறுவனத்துக்கு அது பயன்படாது.

நான் லாட்ஜ் நடத்துகிறேன். 12 சதவீதம் கட்டிய முன்பணத்தை எப்படிச் சரிக்கட்டுவது?

சேவைக்கு முன்பணம் வாங்கினாலே வரி கட்ட வேண்டும் என்பதால், ஆகஸ்டில் வந்த பணத்தை விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 11ஆம் அட்டவணையில் 12 சதவீதத்தில் காட்டியிருப்பீர்கள். அக்டோபரில் விருந்தினர் தங்கி பில் போட்டவுடன், அதே அட்டவணையின் 11பி பகுதியில் அந்த முன்பணத்தை எந்த விகிதத்தில் காட்டினீர்களோ அந்த 12 சதவீதத்திலேயே கழித்துவிட்டு, புதிய இன்வாய்ஸை 5 சதவீதத்தில் காட்டுங்கள். வேறுபாடு அந்த மாதக் கணக்கிலேயே சரியாகும். கூடுதலாக வாங்கியதை விருந்தினருக்குத் திருப்பிக் கொடுத்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ரத்தான முன்பதிவில் கழிக்க வழியில்லாமல் மிஞ்சிய வரிக்கு 54ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம். ரத்தான சேவைக்கு எந்தத் தாளை எழுத வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை 2020 ஏப்ரல் 13இன் 137ஆம் எண் சுற்றறிக்கை விளக்குகிறது.

மாற்றத்துக்கு முன் பணமும் வாங்கி, உண்மையாகவே இன்வாய்ஸும் எழுதியிருந்தால் 12 சதவீதம் சரியான வரி. விகிதம் குறைந்தது என்பதற்காக மட்டும் கிரெடிட் நோட் எழுதி அதை 5 ஆக்க வேண்டாம்.

கவுன்டரில் இருக்கும் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். விருந்தினர் முதலில் கேட்பது அவரிடம்தான், "சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது" என்ற பதில் யாரையும் அமைதிப்படுத்தியதில்லை.

விடுதி திருப்பித் தர மறுத்தால் எங்கே போவது?

முதலில் முன்பண ரசீது, இறுதி இன்வாய்ஸ் இரண்டையும் இணைத்து விடுதிக்கு எழுத்தில் கேளுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்கு, வாய்ப்பேச்சைவிட மரியாதை அதிகம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வரிக் குறைப்பின் பலனைத் தராதவர்கள் மீதான 171ஆம் பிரிவுப் புகார்களை ஏற்கும் அமைப்பு 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை வாங்குவதில்லை; அங்கே அனுப்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பதால், கொடைக்கானல் விடுதி மீதான மனுவை மதுரையிலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான சேவைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. 280 ரூபாய்க்காக ஆணையம் வரை போக வேண்டுமா என்பதை அவரவர் முடிவு செய்ய வேண்டும். பத்து அறைகளுக்குக் கட்டிய கல்யாண வீட்டார் நிச்சயம் யோசிக்கலாம்.

மதுரையிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். அங்கேயும் இதே கணக்கா?

அல்ல, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சொந்த விதி. சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 2023 ஜனவரி 1இல் 7லிருந்து 8 சதவீதமாகவும், 2024 ஜனவரி 1இல் 9 சதவீதமாகவும் உயர்ந்தது. அங்கே மாற்றத்துக்கு முன் முழுப் பணமும் செலுத்தப்பட்டிருந்தால், பிறகு தங்கினாலும் பழைய விகிதத்தையே போட இடம் உண்டு. முழுப் பணத்தையும் முன்பே கட்டுவதற்கு அங்கே இருக்கும் அந்த மதிப்பு நம் சட்டத்தில் இல்லை. அங்குள்ள விடுதிகள் வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தனியாக வரும் என்று பொருள். வாடகையை ரூபாயில் கணக்கிடும்போது அந்த இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.